நாலேகால் மணிக் கடல்

லண்டன் நோர்பரி ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடைதூரத்தில் இருக்கும் கிளறிற்றாவின் வீட்டு முன்னறைக்குள் கடல் முதன்முதலாக வந்தது 2022ஆம் ஆண்டு மார்ச் பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலேகால் மணிக்கு. கதவு சாத்தியிருந்தது. குழாய் எதுவும் உடையவில்லை. தொலைக்காட்சிக்குப் பின்னாலுள்ள சுவரடியிலிருந்து ஓர் அலை எழுந்து, கம்பளத்தைக் கடந்து, சோபாவின் கால்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. பிறகு இன்னொன்று வந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை, ஆனால் கூடவே வந்த காற்று திரைச்சீலைகளைக் கிழித்துவிடும்போல அடித்தது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் வற்றிவிட்டது. தரையில் கபில நிற மணலும் ஒரு துண்டுக் கடற்பாசியும் கிடந்தன. கிளறிற்றா அவற்றை வாரிக் குப்பைப் பையில் போட்டுவிட்டுக் கம்பளத்தைப் பின்வளவில் காயவைத்தார். மறுநாள் தண்ணீர்க் கம்பனியிலிருந்து வந்தவர் ஒரு குப்பியில் எடுத்துப் பார்த்து, இதில் உப்பு இருக்கிறது, ஆகவே இது எங்கள் தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிளறிற்றா மன்னார்க் கரையில் பிறந்தவர். பதினான்கு வயதில் குடும்பத்தோடு அங்கிருந்து வெளிக்கிட்ட பிறகு கடலுக்குள் கால் வைத்ததில்லை. நீச்சலும் தெரியாது. லண்டனுக்கு வந்த புதிதில் கோயில் ஆட்களோடு பிறைற்றன் கடற்கரைக்குப் போனவர், கல்லையும் குளிரையும் கண்டு சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிவிட்டார். ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. கணவர் பீற்றர் இருபத்து நான்கு வருடமாக பஸ் ஓட்டுகிறார். இருவருக்கும் கல்யாணம் நடந்தது 1997 ஓகஸ்டில். வெள்ளி விழாவுக்கு மூன்று வருடம் இருக்கும்போது, பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் விடுமுறைக்குப் போய்வந்த லான்சறோட்டே தீவின் படங்களைக் காட்டினார். எரிமலை கக்கிய கறுப்புக் கல்லுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். கிளறிற்றா அன்று வீட்டுக்கு வந்து, இருபத்தைந்தாவது வருடத்துக்கு அங்கேதான் போகவேண்டும் என்றார். “ஓம், போவம்” என்றார் பீற்றர்.

அந்தத் தீவில் கரைகள் ஏராளம். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அலைச்சறுக்குக்காரருக்கு ஒன்று, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நாற்பத்தொன்பது வயதில், நீந்தத் தெரியாமல், இடது முழங்கால் நோவோடு, சுரிதாருடன் கடலில் இறங்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு எது நல்லது என்று எவரும் எழுதியிருக்கவில்லை. ஆகவே கிளறிற்றாவே தேடினார். மூன்று குளிர்காலம் தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும், லீட்ஸில் வேலை செய்யும் மகள் துசியந்தியை வீடியோவில் கூப்பிடுவார். இருவருமாக ஒவ்வொரு கரையாகப் பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கம், சிவப்புக் கொடி எத்தனை நாள் பறக்கிறது, படிக்கட்டு எத்தனை, நிழல் உண்டா, கழிப்பறை உண்டா. ஒரு கரையில் ஆட்கள் உடுப்பில்லாமல் குளிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதைச் சிவப்புப் பேனாவால் இரண்டு தரம் வெட்டினார். கடைசியில் நான்கு மிஞ்சின. முதல் நாள் ஃபமாரா: பார்க்க மட்டும், இறங்கக் கூடாது, இழுக்கும். இரண்டாம் நாள் பாப்பகாயோ: காலை பத்துக்கு முன்னம் போகவேணும். மூன்றாம் நாள் எல் கொல்ஃபோ: கறுப்பு மணலில் பச்சைக் கல், எடுக்கக் கூடாது. நாலாம் நாள் கலெத்தோன் பிளாங்கோ: வெள்ளை மணல், கனதூரத்துக்கு முழங்கால் தண்ணீர், குளிக்கலாம். இந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

மார்ச் இரண்டாவது கிழமை பீற்றர் பேர்மிங்காமுக்கு ஆறு நாள் பயிற்சிக்குப் போனார். திங்கட்கிழமை பின்னேரம் வந்தபோது அவருடைய மூக்கில் தோல் உரிந்திருந்தது. பயிற்சி அறையில் ஹீற்றர் சூடு கூட என்றார். கிளறிற்றா நம்பினார். இருபத்து நாலரை வருடத்தில் அவர் சொன்ன எதையும் சோதித்துப் பார்க்க வேண்டி வந்ததில்லை. மறுநாள்தான் கடல் வந்தது.

புதன்கிழமை வந்தது வேறு கடல். காற்று இல்லை, சத்தம் இல்லை. பொன் நிற மணலைச் சோபாவுக்கு அடியில் மெதுவாகப் பரப்பிவிட்டுப் போனது. வியாழக்கிழமை கறுப்பு மணல் வந்தது. வாரிக்கொண்டிருந்த கிளறிற்றாவின் உள்ளங்கையில் பயறளவு பச்சைக் கற்கள் மினுங்கின. அவர் அப்படியே எழும்பிக் குசினிக்குப் போய்த் தாளைப் பார்த்தார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். இரவுச் சாப்பாட்டை வழக்கம்போலப் பரிமாறினார். நாளைக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும், வந்தாலும் வேறு எதுவாவது வரட்டும் என்று படுக்கையில் கிடந்து மாதாவைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். பீற்றர் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நாலேகாலுக்குத் தண்ணீர் வந்தது. அலையே இல்லாமல், இளஞ்சூட்டோடு, முழங்கால் அளவுக்கு ஏறி நின்றது. அடியில் வெள்ளை மணல். இடையிடையே கறுப்புக் கற்கள் தலை நீட்டின. சோபாவைச் சுற்றி நகத்தளவு மீன்கள் ஓடின.

“இஞ்சேருங்கோ,” என்று கூப்பிட்டார். “இஞ்ச வந்து பாருங்கோ.”

பீற்றர் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

“ஆரோட போனீங்கள்?”

“தனியத்தான்.”

“பொய் சொல்லாதேங்கோ.”

“அந்தோனியாராணை, தனியத்தான் போனனான்.” அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “இருபத்தினாலு வரியமா முதுகுக்குப் பின்னால ஆக்கள். கொரோனாவில எங்கட டிப்போவில ரெண்டு பேர் செத்தாப்பிறகு, பின்னால ஆராவது இருமினா எனக்கு உடம்பு பதறும். பின்னால ஒருத்தரும் இல்லாமல் ஒரு கிழமை இருக்கவேணும் போல கிடந்தது.”

“அப்ப நானும் உங்கட முதுகுக்குப் பின்னால இருந்த ஆள்தானோ?”

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பீற்றர் சொன்னது இது: “நீர் எழுதினதெல்லாம் சரி. கடைசி இடத்திலதான் கனநேரம் நிண்டனான். நீர் சொன்ன மாதிரியே, எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால்தான்.”

இன்னொரு பெண்ணோடு போயிருந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கோயிலில் சொல்லி அழலாம், ஆட்களும் வந்து இரண்டு பக்கமும் பேசுவார்கள். இதைச் சொன்னால், பாவம் மனுசன், களைச்சுப்போனார் என்பார்கள். மூன்று குளிர்காலம் தான் தேடிக் கண்டுபிடித்த தண்ணீரில் தன்னை விட்டுவிட்டு இறங்கிய கால்களைக் கிளறிற்றா பார்த்தார். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

“உங்களுக்குக் கொம்பியூற்றர் தெரியாது. ரிக்கற் ஆர் எடுத்தது?”

பீற்றர் மீன்களைப் பார்த்தார்.

துசியந்தி முதல் அழைப்பிலேயே எடுத்தாள். “அம்மா, சொறி அம்மா. அப்பா சொல்லவேண்டாம் எண்டவர். வந்து தானே உங்களிட்டச் சொல்லுவார் எண்டுதான் நினைச்சன், ஐ ஸ்வேர்.”

“எப்ப எடுத்தனி?”

“ஜனவரியில.”

“ஞாயிற்றுக்கிழமையோ?”

ஜனவரியில் ஒரு ஞாயிறு முழுவதும் தாயும் மகளும் கலெத்தோன் பிளாங்கோவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மீனைப் பாருங்கோ அம்மா, காலைக் கடிக்கப்போகுது என்று சிரித்தவள் அவள்தான். கிளறிற்றா போனை வைத்துவிட்டு மேலே போய், மகளின் பழைய அறையில் படுத்தார். அன்றிலிருந்து அதுவே அவருடைய அறை.

கடல் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாலேகாலுக்கு, நான்கு கரைகளும் முறைவைத்து வந்தன. கம்பளத்தை எடுத்துவிட்டு ஓடு பதித்தார்கள். தொலைக்காட்சியைச் சுவரில் உயர்த்தி மாட்டினார்கள். பங்குச் சுவாமியார் வாசலில் நின்று ஆசீர்வதித்துவிட்டு, காய்ந்த செருப்போடு போனார். ஆடி அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் வேட்டியோடு வந்து, தகப்பனுக்குத் தீர்த்தமாட அனுமதி கேட்டார். கிளறிற்றா நாட்காட்டியைப் பார்த்து, அன்று வரவேண்டியது இழுக்கிற கடல் என்றபடியால் கவனமாக இறங்கச் சொன்னார். வெள்ளி விழாப் பூசை ஓகஸ்டில் நடந்தது. கிளறிற்றா நீலப் பட்டுடுத்திப் படத்துக்கு நின்றார். விருந்துக்கு வந்தவர்கள் நாலு மணிக்கு முன்னம் எழும்பிப் போனார்கள். அன்றைக்குப் பீற்றர் இரண்டு விமானச் சீட்டுகளை ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார்.

“அது நீங்கள் பாத்து முடிச்ச கடல்,” என்று சொல்லி, கிளறிற்றா உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். துசியந்தி லீட்ஸிலிருந்து பூக்களோடு வந்தாள். அவளுக்குப் பிடித்த இறால் பொரியலைச் செய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் மறுபடி தொடங்கவில்லை. மூவரும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகவே பேசினார்கள். முன்னறைத் தண்ணீரில் கிளறிற்றா ஒருநாளும் கால் வைக்கவில்லை. அது நிற்கும் நேரத்தில் வாசல் மணி அடித்தால் குசினிக் கதவால் சுற்றிக்கொண்டு போவார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 2024 செப்டெம்பரில் அவர் நூலகத்துக்குப் போய், கணினியில் விமானச் சீட்டு எடுப்பது எப்படி என்று மூன்று பின்னேரம் இருந்து பழகினார். ஒக்டோபர் பள்ளி விடுமுறையில், பீற்றர் காலை வேலைக்குப் போன பிறகு, ஒரு சின்னப் பெட்டியோடு கற்விக் விமான நிலையத்துக்கு ரயில் ஏறினார். குசினி மேசையில் ஒரு துண்டு இருந்தது: “லான்சறோட்டே போறன். வெள்ளி வருவன். மீன் குழம்பு பிறீஸரில.”

போனது அந்த நான்கு கரைகளுக்கும் இல்லை என்பது மட்டும் தெரியும். யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், பஸ் நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, கடல் தெரிந்த ஓரிடத்தில் இறங்கினாராம். அது நல்ல கரையா, கூடாத கரையா என்று முன்கூட்டித் தெரியாமல் சுரிதாரோடு தண்ணீருக்குள் போனாராம். இவ்வளவையும் பிறகொரு நாள் செல்வரத்தினத்தின் மனைவி சிவனேஸ்வரிக்குச் சொன்னார். கரையின் பெயரைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியபோது தலைமயிர் உப்பில் விறைத்திருந்தது. நோகிற முழங்காலில் கல் உரசிய காயம்.

“எப்பிடி இருந்தது?” என்று பீற்றர் கேட்டார்.

“நல்ல தண்ணி.”

“எந்தக் கரை?”

கிளறிற்றா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

மறுநாள் பீற்றர் நாலு மணிக்கே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். தன்னுடைய கடல் தன்னோடு வந்ததுபோல, கிளறிற்றாவின் கடலும் வரத்தான் வேண்டும் என்று நம்பினார். வந்தால் மணலைப் பார்த்து எந்தக் கரை என்று தெரிந்துகொள்ளலாம். வந்தது ஃபமாரா. அதற்கு மறுநாள் பாப்பகாயோ. பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை. ஐந்தாம் நாள் திரும்பவும் ஃபமாரா. நத்தார்ப் பெருநாள் வரை காத்திருந்தார், அடுத்த நத்தார் வரையும் காத்திருந்தார். ஐந்தாவது கடல் அந்த வீட்டுக்கு வரவேயில்லை. இப்போதும் காலை வேலை முடிந்து வரும் நாட்களில் அவர் படிக்கட்டில் போய் இருக்கிறார். கிளறிற்றா மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருப்பார். ஐந்து மணியளவில் தண்ணீர் வற்றுகிறது. பீற்றர் மணலை வாருகிறார். அவர் வாரி முடித்ததும் கிளறிற்றா இறங்கி வந்து விளக்கைப் போட்டு, இரவுக்குப் புட்டா இடியப்பமா என்று கேட்கிறார்.