சிந்தாத ரத்தம்

மாதேஷுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அவசர சிகிச்சை அறை வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் பதினைந்து தடவையாவது நடந்திருப்பான். உள்ளே செங்கோடன் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தான். வெளியே சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் மாலையும் குங்குமமுமாகப் போர்வெல் வண்டி நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஹாரன் அடித்தது. சத்தீஸ்கர் போகிற வண்டி. ஒன்பது ஆட்கள். திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும்.

"ஒரு ஊசி போட்டு உட்டாப் போதுமுங்க டாக்டரம்மா. தோள்ல சுளுக்கு. ராத்திரி கோணலாப் படுத்துட்டனுங்க" என்றான் செங்கோடன்.

அது பொய். பொய் என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: சொன்னவனும் மாதேஷும்.

காலை ஏழே முக்காலுக்குத் திருச்செங்கோட்டு ஷெட்டில் கடைசிக் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குழாய் தூக்கும் விஞ்சின் லீவர் மாதேஷ் கையில் இருந்தது. இருபதடி இரும்புக் குழாய் அந்தரத்தில் தொங்கும்போது கேட்டுக்கு வெளியே முதலாளி தனசேகரின் கார் ஹாரன் அடித்தது. மாதேஷ் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், லீவர் நழுவியது. குழாய் ஓர் ஆட்டம் ஆடி, எதிரில் நின்ற செங்கோடனை இடது விலாவில் இடித்தது. மூச்சே வராமல் அவன் அப்படியே குந்திவிட்டான்.

மற்ற ஷெட்டில் என்றால் அடிபட்டவனைப் பார்ப்பார்கள். இவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. தனசேகரின் வண்டிக்கு அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம். பூஜை போடுகிற நாளில் ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் வண்டி கிளம்பாது. அமாவாசை கழித்து, மறுபடி கிடா வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் வடக்கே நல்ல வேலையையெல்லாம் வேறு வண்டிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பது வீட்டிலும் அந்த வருடத்துப் பிழைப்பு போச்சு.

செங்கோடனே சட்டையைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தோல்கூடக் கிழியவில்லை.

"பாத்துக்கங்கடா, ஒரு சொட்டுச் சிந்துச்சா? சிந்தாதது அடியே இல்ல" என்று சிரித்தான். பிறகு மாதேஷின் காதருகே வந்தான். "மூச்சு உட்றாத. உட்டீன்னா லீவரு ஆரு கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க. மொதல்ல உன்ற சீட்டுத்தான் கிழியும்."

அக்கறையா, மிரட்டலா? இரண்டும்தான். மாதேஷுக்கு அது வசதியாகவும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. வாயை மூடிக்கொண்டான். கற்பூரம் எரிந்தது, எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கியது, ஒன்பதரைக்கு வண்டி கிளம்பியது. சங்ககிரி நெருங்கும்போது செங்கோடன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தான். வழியனுப்பக் காரில் பின்னால் வந்த தனசேகர்தான் பாதையோர அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னார்.

பணியில் இருந்த டாக்டர் அறிவுச்செல்வி கெங்கவல்லிக்காரர். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. செங்கோடனின் இடது கையைத் தூக்கினார், சுழற்றினார், தோள்பட்டையை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"அழுத்துனா வலிக்கலீங்க. உள்ளுக்குள்ள வலிக்குதுங்க."

"சுளுக்குன்னா கையத் தொடவே விடமாட்டாங்க. நீ ராட்டினம் மாதிரி சுத்த விடுற. எங்க, மல்லாந்து படு."

படுத்த மறு வினாடி செங்கோடன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். டாக்டரின் முகம் மாறியது. நாடியைப் பிடித்தார். நூற்று இருபது. ரத்த அழுத்தம் நூறு. கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது.

"காலையில இருந்து விரதமுங்க, பூஜையில்லீங்களா. அதான் கிறுகிறுப்பு" என்றார் தனசேகர். "போற வழியில சுளுக்கு எடுக்கறவரு ஒருத்தர் இருக்காருங்க. எண்ணெ போட்டு நாலு நீவு நீவுனாச் சரியாப் போயிரும்."

"வலி தோள்ல, சந்தேகம் வயித்துல. யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் டாக்டர் வெடுக்கென்று. செங்கோடனிடம் திரும்பினார். "எங்கயாவது அடிபட்டுச்சா? விலாவுல, வயித்துல?"

"இல்லீங்க."

சட்டையை விலக்கினார். "இது என்ன செவப்பு?"

"பெல்ட்டு உராசுனதுங்க."

இடது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். செங்கோடன் பல்லைக் கடித்தான், சத்தம் மட்டும் வரவில்லை. இரும்போடு பதினெட்டு வருடம் கிடந்தவன், வலியை விழுங்குவதில் அவனுக்கு ஈடு கிடையாது. பாழாய்ப்போன அந்தத் திறமைதான் இப்போது அவனைக் கொன்றுகொண்டிருந்தது.

டாக்டர் மாதேஷைப் பார்த்தார். "நீ கூட வேலை செய்யறவன்தானே? அடி ஏதும் பட்டுச்சா?"

வாசலில் தனசேகர் நின்றார். வெளியே ஹாரன்.

"தெரியலீங்க" என்றான்.

"ஸ்கேன் எடுக்கணும். மெஷின் பிரசவ வார்டுல இருக்கு, கொண்டுவர கால் மணி நேரம் ஆகும்."

கால் மணி நேரம் என்ற சொல்தான் செங்கோடனைக் கிளப்பிவிட்டது. கட்டிலைவிட்டு இறங்கினான். நல்ல நேரத்தில் கிளம்பிய வண்டி இப்படி நின்றதே தப்பு, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் சொல்லுங்கள், என் இஷ்டத்தில்தான் போகிறேன் என்றான். டாக்டர் கெஞ்சினார், அதட்டினார். சுயநினைவோடு இருக்கும் ஆளைக் கட்டியா போட முடியும்? நர்ஸ் தனப்பிரியா நீட்டிய தாளில் அவன் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

வாசல்வரை நடந்தான். நிலைப்படியில் தடுமாறியவனை மாதேஷ் பிடித்தான். அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது. மே மாத வெயிலில், பதினோரு மணிக்கு, அந்த அளவு குளிர்ந்த கையை மாதேஷ் அதுவரை தொட்டதில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இவன் தருமபுரி தாண்ட மாட்டான் என்று மாதேஷுக்குத் தோன்றியது. தனசேகர் பக்கம் திரும்பினான்.

"மொதலாளி, இரும்புக் கொழாய் இடிச்சுப்போடுச்சுங்க. இடது வெலாவுல. காலையில ஏழே முக்காலுக்கு. லீவரு என்ற கையிலதானுங்க நழுவுச்சு."

தனசேகரின் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: "ரத்தம் விழுந்துச்சாடா?"

"இல்லீங்க."

டாக்டர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. "படுக்க வை! ரெண்டு கையிலயும் பெரிய ஊசி. கம்பளி போர்த்து. 108-ஐக் கூப்பிடு" என்று கத்தினார். செங்கோடனுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. மெஷின் உருண்டு வந்தது. இடது விலாவில் பசையைத் தடவி டாக்டர் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை.

"நீங்களும் வாங்க" என்று தனசேகரைக் கூப்பிட்டார். "ரத்தம் விழுந்துச்சான்னு கேட்டீங்களே. இந்தக் கறுப்பு பூரா ரத்தம். மண்ணுல விழல, வயித்துக்குள்ள விழுந்துகிட்டிருக்கு. மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. அந்த ரத்தம் மேல இருக்கிற உதரவிதானத்தக் குத்துறதுதான் தோள்ல வலியாத் தெரியுது."

தனசேகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஹாரன் நின்றது.

ரத்தம் உறைய ஒரு மருந்து ஏறியது. "குளுக்கோஸ் பாட்டில மளமளன்னு ஓட்டாத, ரத்தம் நீர்த்துப்போனா இன்னும் ஒழுகும். மேல் அழுத்தம் தொண்ணூறு நின்னாப் போதும்" என்று தனப்பிரியாவிடம் சொல்லிக்கொண்டே டாக்டர் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஆபரேஷன் அறை தயாராக வேண்டும், ரத்தம் தயாராக வேண்டும் என்றார்.

ஆம்புலன்ஸில் செங்கோடன் ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்தான். "வாயத் தொறந்துட்டியேடா" என்றான். அப்புறம் குழந்தை மாதிரி தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாதேஷ் கருவியில் தெரிந்த ரத்த அழுத்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். தொண்ணூற்றி நாலு, தொண்ணூறு, எண்பத்தி ஆறு. சேலம் வருவதற்குள் அவனுக்குத் தன் உயிரே பாதி போய்விட்டது.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியபின்தான் பொன்னாயி வந்தாள். செங்கோடன் மனைவி. வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவள், முடியில் நூல்பஞ்சு ஒட்டியபடியே பஸ் ஏறியிருந்தாள். அழவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கதவையே பார்த்தாள். மாதேஷ் நடந்துகொண்டே இருந்தான்.

மூன்றரைக்கு சர்ஜன் வெளியே வந்தார். மண்ணீரலை எடுத்தாகிவிட்டது, வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் இருந்தது, இன்று ராத்திரி தாண்டினால் பிழைத்துக்கொள்வார் என்றார். "அடிபட்ட உடனே வந்திருந்தா மண்ணீரலையேகூடக் காப்பாத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதேஷால் தாங்க முடியவில்லை. பொன்னாயியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். கார் ஹாரன், லீவர், குழாய். "என்ற கைதானுங்க அக்கா நழுவுச்சு" என்று தேம்பினான்.

"அழுவாத சாமி" என்றாள் பொன்னாயி. "இரும்பு வேலையில கை நழுவறதுதான். அவுரு கையும் எத்தன தடவ நழுவியிருக்குது. நீ வேணுமின்னா செஞ்ச?"

காலையிலிருந்து முதல் முறையாக மாதேஷுக்குப் பாரம் குறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு இடிச்சுச்சு?"

"ஏழே முக்காலுங்க."

"ஒம்பது மணிக்கு நான் போன் பண்ணுனேன். அவுரு எடுக்கல, நீதான் எடுத்த." அவள் குரல் ஏறவில்லை. "நெஞ்சு என்னமோ படபடங்குது, அவுரு நல்லா இருக்காரான்னு கேட்டேன். ஜம்முனு இருக்காரு, கற்பூரம் காட்டிக்கிட்டு இருக்காருன்னு சொன்ன. இல்ல?"

மாதேஷ் தலையாட்டினான்.

"நான் நம்பிப்போட்டுத் தறிக்குப் போயிட்டேன்" என்றாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, செங்கோடன் கூட வந்தவர்களில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். பொன்னாயி எழுந்து, காலடியில் இருந்தவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மாதேஷ் எழுந்திருக்கவில்லை.