ஸ்பூர்த்தியின் நோட்டில் காலியான பத்தி

"கண்ணால பார்த்தது இந்தப் பக்கம். மனசுல நெனச்சது அந்தப் பக்கம். ரெண்டையும் கலந்தடிச்சீங்க, முட்டைதான் மார்க்கு!" என்று ஏழாம் வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தாள் மகாதேவி டீச்சர். விஜயபுரத்துச் சோளக்காட்டிலிருந்து தீர்த்தஹள்ளி மலைப்பக்கம் மாற்றலாகி வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. வீட்டில் பார்த்ததையெல்லாம் எழுதிவரச் சொன்னாள்.

மறுநாள் மதியம் மாணவி ஸ்பூர்த்தியின் நோட்டைப் பிரித்தாள். கையிலெடுத்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டாள்.

'அப்பாவின் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. கூடத்தில் வரிசையாகக் கத்திகள். அண்டாவில் சிவப்புத் தண்ணீர் கொதிக்கிறது. அம்மாவின் கண்ணில் நீர். தாத்தாவின் கட்டில் நேற்றிலிருந்து காலி.'

நினைத்தது என்ற பத்தியில் ஒரு எழுத்துகூட இல்லை. நோட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டில் வேலை என்று அந்தப் பிள்ளை காலையிலேயே போய்விட்டிருந்தது. ஐயோ, அந்த வீட்டுக்குள்ளேயா குழந்தை இருக்கிறது!

பக்கத்து வகுப்பில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! நேராகப் போலீஸுக்குப் போன் போட்டாள். "சார், பெரியவரைக் கொன்னுட்டாங்க சார்! குழந்தையும் அங்கதான் இருக்கு, ஓடி வாங்க!"

ஜீப்பில் அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டரும் ஊருக்குப் புதுசு. வீட்டு வாசலில் ஜீப் நின்றதும், இரண்டு கையும் ரத்தச் சிவப்பாக, சிரித்த முகத்தோடு வெளியே வந்தார் ஸ்பூர்த்தியின் அப்பா மஞ்சப்பா.

"அடடே, டீச்சரும் வந்திருக்காங்களா? வாங்க வாங்க, காபி…"

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து பளார் என்று விழுந்தது அறை.

கூடத்தில் கத்தி வைத்துப் பாக்கு உரித்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த உள்ளூர்க் கான்ஸ்டபிள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், சார்! பாக்கு சார்! பாக்கு வேகவைக்கிற சாறு! இந்த மாசத்துல எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் இதே கைதான்!"

"அப்போ வீட்டுப் பெரியவரைக் கொன்னுட்டாங்கன்னு போன் வந்ததே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுப்பங்கரையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள் ஸ்பூர்த்தியின் அம்மா. "புகையில கண்ணு எரியுதுன்னு வெளிய வர்றேன், இங்க என்ன கூத்து இது? எங்க மாமனாரா? அவர் கண் ஆபரேஷனுக்கு ஷிமோகா போயிருக்கார்! எந்தப் புண்ணியவதி உங்ககிட்ட என்ன சொன்னா?"

இன்ஸ்பெக்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மஞ்சப்பா கன்னத்தைப் பிடித்தபடி, வேலைக்கு வந்த பெண்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கதவோரம் நின்ற ஸ்பூர்த்தி அவரைத் தொடவும் பயந்து விலகி வழிவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்பூர்த்தி தானாகவே வந்து நோட்டை மேசையில் வைத்தாள். புதுப் பக்கம்.

'டீச்சர் போலீஸ் ஜீப்பில் வந்தார். அப்பாவின் கன்னத்தில் ஐந்து விரல். ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.'

எதிர்ப் பத்தி காலி. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த டீச்சருக்கு வேறு கேள்விதான் வந்தது.

"நெனச்சது எதுவும் எழுதலையாம்மா?"

"நெனச்சது நீங்கதானே, டீச்சர்."