கடைசி வரியில் என் கட்டைவிரல்

1

இந்தக் கதை பிறந்தது என் மூளையில் அல்ல, இடது கைக் கட்டைவிரலில்.

பார்வையற்ற வாசகர்களுக்காகப் புத்தகங்களை ஸ்கேன் செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. மேஜைமேல் புத்தகத்தை விரித்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, மேலிருந்து படம் எடுப்பேன். கணினி படத்தை எழுத்தாக்கும், எழுத்தைக் குரலாக்கும். தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கம் மட்டும் கன்றுக்குட்டி போலத் துள்ளும். கொஞ்சம் பலமாக அழுத்தினேன். ஒரு படகோட்டிக்கும் தபால்காரிக்கும் நடுவே நதி ஓடும் அந்த மொழிபெயர்ப்பு நாவலின் கடைசி வரியில் பாதியை என் விரல் விழுங்கிவிட்டது.

(நானாவது படித்திருக்கலாமே என்பீர்கள். ஸ்கேன் செய்யும்போது கதை படிப்பதில்லை என்பது என் விரதம். படித்தால் முதல் பக்கத்திலேயே வேலை நின்றுவிடும்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'ஜன்னலோரம் தனியே அமர்ந்திருந்த அக்கா, தன் இருண்ட உலகில்—'

வாசித்துக்காட்டியபோது அக்காதான் நிறுத்தினாள்.

"நான் எப்ப ஜன்னலோரம் சும்மா உக்காந்தேன்? காலையில தோள்பட்டை, சாயங்காலம் முழங்கால், நடுவுல மூச்சு விட நேரமில்ல. இருண்ட உலகமாம்! போன வாரம் பல்பு மாத்தாம விட்டது யாருடி?"

அக்கா பிசியோதெரபிஸ்ட். அவளுக்குப் பார்வை கிடையாது, பொறுமையும் கிடையாது. அதனால் நாவலின் திருத்தாத பிரதியை, விதியை மீறி, அவள் போனுக்கு அனுப்பினேன். பக்கம் மாறும்போதெல்லாம் பக்க எண் கதைக்குள் நுழைந்துவிடும். படகோட்டி காதலைச் சொல்ல வாயெடுப்பான். குரல் 'நூற்றுப் பன்னிரண்டு' என்று அறிவிக்கும்.

"பாவம்டி, வாய் திறந்தா நம்பர்தான் வருது அவனுக்கு" என்று சிரிப்பாள்.

கேட்டதையெல்லாம் கிளினிக்கில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டே அவருடைய வலது தோளைச் சுழற்றினாள். அவரை இங்கே தோள்பட்டைக்காரர் என்போம். "அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு, தாங்க முடியாமல், நான் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்திருந்த நூலகத்தின் ஒரே பிரதியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முடிவைப் பற்றி வெள்ளிக்கிழமை பேசலாம் என்று ஏற்பாடு. அன்றோடு அவருக்குச் சிகிச்சை முடிகிறது. பிறகு கிளினிக்குக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இதைச் சொன்னபோது அக்காவின் குரலில் ஒரு

[இந்த வாக்கியத்தை முடித்தால் அக்கா என்னைத் தொலைத்துவிடுவாள்.]

3

இப்போது சல்லடை சார் வருகிறார். எங்கள் பிரதிகளைக் காதால் கேட்டே சலித்தெடுப்பவர். அவருக்கும் பார்வை கிடையாது. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"'தபால்காரி படகை நோக்கி'யோட நின்னுபோச்சு. புத்தகம் நூலகத்துக்குத் திரும்பட்டும், மறுபடி படம் எடுக்கட்டும். அதுவரைக்கும் வெளியிட மாட்டேன்."

"வரிசையில காத்திருக்கிறவங்க, சார்?"

"கண்ணு தெரியாதவங்களுக்கு இது போதும்னு காலம் பூரா கேட்டாச்சு, டாக்டரம்மா. நாமளே அதைச் சொல்லணுமா?"

அக்கா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நியாயம்தான். ஆனா கண்ணு தெரிஞ்சவங்க அட்டை கிழிஞ்சதையும் படிக்கிறாங்க, கரையான் தின்னதையும் படிக்கிறாங்க. நமக்கு மட்டும் தங்கத்தட்டு வர்ற வரைக்கும் பட்டினியா?"

"கல்லோட சோறு போட்டா பல்லு போகும்மா."

"என் பல்லு, என் சோறு!"

(கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் நான் சாய்ந்துகொண்டிருந்தேன். எழுத்தாளருக்கு இது கூடாதாம். தராசுக்கு மட்டும் கூடுமா?)

நடுவில் புகுந்தேன். "அந்த வரியை நானே எழுதிடட்டுமா? 'தபால்காரி படகை நோக்கி ஓடினாள், நதி சிரித்தது...'"

"ஐயையோ!" இருவரும் ஒரே குரலில்.

"ஓட்டையை ஓட்டையாவே விடுடி. இருந்தா தெரிஞ்சுக்குவோம். நீ அடைச்சு வெச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

சல்லடை சார் கனைத்தார். "அப்படின்னா ஒண்ணு செய்யலாம். பக்க எண்ணையெல்லாம் நான் எடுத்துடறேன். முதல் பக்கத்துல போர்டு மாட்டு: கடைசி வரியில விரல் இருக்குன்னு. குழி இருக்குன்னு சொல்லிட்டா, இறங்குறது அவங்கவங்க இஷ்டம். புத்தகம் வந்ததும் குழியை மூடணும், ஆமா."

4

வெள்ளிக்கிழமைக்கு நான் யோசித்த முடிவுகள்:

தோள்பட்டைக்காரர் வரவே இல்லை. (உலக இலக்கியத்தனமாக இருக்கும். அக்கா அடிப்பாள்.)

அவர் முழு முடிவையும் ஒப்பித்துவிட்டு, நன்றி சொல்லிப் போகிறார். (இதற்கு அடியே மேல்.)

நடந்தது இது. அக்கா அவரிடம், "என் பிரதியில ஒரு விரல் குறுக்க நிக்குது. அவ படகுல ஏறுனாளா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க. நீங்க முடிச்சப்புறம் படிக்கலாம்னு கடைசிப் பக்கத்தை நானும் விட்டு வெச்சிருக்கேன்."

வாசித்துக்காட்டினாராம். அக்கா புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"இந்தா, ஒழுங்கா படம் எடு. விரலை வெச்சே, ஒடிச்சிடுவேன்."

"அவருக்குத் தோள் சரியாயிடுச்சா?"

"வலது தோள் சரியாயிடுச்சு." கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். "இப்போ இடது தோள் வலிக்குதாம்."

"நீ என்ன சொன்னே?"

சொன்னாள்.

5

நாவலின் குழியை மூடியாயிற்று. சல்லடை சாரும் கேட்டு, சரி என்றுவிட்டார். இந்தக் கதைக்கும் கடைசி வரி எழுதியாயிற்று. பக்கத்தை மேஜையில் விரித்து, துள்ளாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறேன்:

அக்கா அந்த இடது தோளை நோக்கி

[இங்கே ஒரு கட்டைவிரல் இருக்கிறது. போர்டு மாட்டிவிட்டேன். இறங்குவது உங்கள் இஷ்டம்.]