சுருங்காத முட்டைக் குழாய்

வத்தேகமவில் கோழி வளர்க்கும் எவனுக்கும் இந்த வித்தை தெரியும். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பட்டினி போடுவது என்போம். வயதான கோழிக்குத் தீனியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வைத்தால் இறகு கொட்டும், முட்டை நிற்கும், உள்ளே முட்டைக் குழாயும் சுருங்கும். பிறகு தீனி போட்டால் எல்லாம் புதிதாய் வளர்ந்து மறுபடி முட்டையிடும். புதுக் குஞ்சு எங்கு தேடியும் கிடைக்காததால் எனக்கு வேறு கதி இல்லை. இதுவும் சரிவராவிட்டால் மறுநாள் காலையிலேயே இறைச்சிக்கு ஏற்றிப்போக லொறி வரும். எங்கள் பிழைப்பும் அதோடு சரி.

இறகு அரைகுறையாய்க் கொட்டியது. முட்டை நிற்கவே இல்லை. பயந்துபோய் மதனி என்ற மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அலட்டாது. நான் அறுத்துக் கொடுத்த கோழியின் வயிற்றைப் பிளந்து காட்டினார்.

"பாருங்கோ ஹபீல் நானா. இந்நேரம் இந்த முட்டைக் குழாய் சுருங்கி நாடா மாதிரிக் கிடக்கவேணும். கொழுத்துப்போய்க் கிடக்கு."

உள்ளே ஓடு கட்டாத முட்டை ஒன்று இருந்தது.

"உடம்பில பழைய கலங்கள், அதுதான் செல்லுகள், செத்தால்தான் புதுக் கலங்கள் வரும். இதில ஒண்டும் சாகேல்லை. இதுகளுக்கு ஆரோ தீனி போடீனம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோன்பு வச்ச வாயால சொல்றேன் டொக்டர், ஒரு மணி தீனி போடல்ல."

அப்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொன்னார்கள். சோர்ந்து கிடந்த கோழிகள் எல்லாம் எழும்பின. கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி எங்கள் குசினிக் கதவையே பார்த்தன.

கதவைத் திறந்து என் மனைவி கைரியா வந்தாள், கையில் தீனிக் கோப்பையோடு. நான் வழக்கம்போல் பள்ளிக்குப் போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"பாங்கு சொன்னா நமக்கு ஒரு பேரீச்சம்பழமாவது கிடைக்கிது. இதுகளும் நோன்புதானே" என்றாள். "நாளுக்கு ஒவ்வொரு பிடிதான் போட்டேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவளை விட்டுத் திரும்பி மதனியிடம் கெஞ்சினேன். "இண்டையிலிருந்து திரும்பப் பட்டினி போட்டா?"

"ஏற்கனவே மெலிஞ்சிட்டுதுகள். கூட்டுக்குள்ளயே செத்துப்போம், நானா."

குஞ்சிலிருந்து வளர்த்தவள் கைரியா. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப காலைல லொறி வருமா?"

ஆமென்று தலையாட்டினேன். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இண்டைக்குப் போடவா?"

நான் தீனி மூட்டையை அவிழ்த்தேன். கோப்பையை வைத்துவிட்டு வாளியைக் கொண்டுவரச் சொன்னேன்.