நுரைக்கூடும் சொட்டுக் குழாயும்

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவரைத்தான் குறிக்கும். வீட்டு முன்னறையில் மேசை போட்டு அமர்ந்து, மூக்குக்கண்ணாடிகளின் ஒடிந்த காம்புகளுக்குக் கடுகளவு திருகாணி பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். கை நுணுக்கத்தில் கெட்டிக்காரர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று தலையாட்டிவிடும் சுபாவம். அன்று அவரை வம்பில் மாட்டிவிட்டது அந்தச் சுபாவம்தான்.

அவர் மனைவி புது வேலைக்கான பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். தவழத் தொடங்கியிருந்த மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாயிற்று. உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்றே எல்லாரும் அழைத்த அந்தக் குழந்தையும் அப்பாவும் தமக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டு, அதில் சுகமாகவே இருந்தார்கள்.

இந்த நிலையில் அன்று காலையில் வந்து இறங்கினார் மனைவியின் அக்கா. மாணவியர் விடுதி ஒன்றின் காப்பாளர். விடுதி முழுவதையும் ஒரே பார்வையில் வரிசையில் நிறுத்தக்கூடியவர். தங்கை திரும்பும்வரை குழந்தையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதைப் பேருந்திலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

"ஒத்தை ஆம்பளை, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படித் தம்பி சமாளிப்ப? பட்டாணியைச் சாயங்காலம் நான் தூக்கிட்டுப் போயிடறேன். நீயும் நிம்மதியா தொழிலைப் பாரு."

கண்ணாடிக்காரருக்கு 'வேண்டாம்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. வாயைத் தாண்டும்போது அது "சரிங்க அண்ணி" என்று மாறிப்போயிற்று.

அதன்பிறகு கேட்பானேன்? சட்டைகள் மடிக்கப்பட்டன, பால் புட்டிகள் துணியில் சுற்றப்பட்டன, பட்டாணி தூங்குவதற்குள் பை கட்டி வாசலருகே வைக்கப்பட்டது. கை ஓய்ந்த பிறகுதான் அண்ணியின் கண் சன்னல் மேடையில் இருந்த சிறிய மீன் தொட்டியின் மேல் விழுந்தது.

அதில் செக்கச்செவேலென்ற ஆண் சண்டைமீன் ஒன்று இருந்தது. எச்சிலைக் குழைத்துக் குமிழ் குமிழாக ஊதி, மிதக்கும் இலையொன்றின் அடியில் அது நுரைக்கூடு கட்டியிருந்தது. முந்தைய நாள்தான் பெண்மீன் முட்டையிட்டிருந்தது. மணலைவிடச் சற்றே பெரிய வெள்ளை முட்டைகள் நுரைக்குள் செருகிக் கிடந்தன. "முட்டை போட்டதும் பொட்டையைத் தனியா எடுத்து விட்டுடுங்க. மத்ததை அவன் பார்த்துப்பான்" என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியே பெண்மீன் இப்போது தனிப் பாத்திரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! தம்பி, ஓடி வா! இவன் முட்டையைத் திங்கிறான்!"

கண்ணாடிக்காரர் ஓடிவந்து பார்த்தார். உண்மைதான். நுரையிலிருந்து நழுவிய முட்டையொன்றைத் துரத்திப் போய் மீன் லபக்கென்று வாய்க்குள் வாங்கிக்கொண்டது.

"மத்ததை அவன் பார்த்துப்பான்னாரே கடைக்காரர்..."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கான், ஒண்ணொண்ணா! பெத்தவனா இவன்? எடு முதல்ல வெளியே!"

"சரிங்க அண்ணி."

தேநீர் வடிகட்டியால் மீனை முகந்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் விட்டார். அந்த மீனுக்குப் பேசத் தெரிந்திருந்தால் தன் பக்க நியாயத்தைச் சொல்லியிருக்கும். தெரிந்திருந்தாலும் பயனில்லை, அதன் வாய் நிறைய வேலை இருந்தது.

பிறகு நுரையின் ஓரத்தில் குமிழ் ஒன்று உடைந்தது. அதிலிருந்த முட்டை தளர்ந்து கீழே இறங்கியது. தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் நாலைந்து.

"அண்ணி, கொட்டுதுங்க."

"கொட்டினா பொறுக்கி வை. திருகாணி பொறுக்குற கைதானே?"

பட்டாணிக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக் குழாயை எடுத்து வந்தார் கண்ணாடிக்காரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டையை உறிஞ்சி, நுரைக்குள் பூப்போல விட்டார். நுரை பிய்ந்தது. வைத்த ஒன்றோடு, பக்கத்தில் இருந்த மூன்றும் விழுந்தன.

"என்னப்பா இது, போட்டதைவிட விழுந்தது அதிகமா இருக்கு! இப்படிக் கொடு."

அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார். அவர் கைபட்ட இடத்தில் கூட்டின் ஒரு மூலையே கரைந்து போயிற்று.

"நிக்க மாட்டேங்குதே, சனியன்!"

"உங்க விடுதிப் பொண்ணுங்கள வரிசையில நிக்கச் சொல்ற மாதிரி ஒரு அதட்டு அதட்டிப் பாருங்க அண்ணி."

கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடிக்காரர் அண்ணியிடம் சொன்ன முதல் கேலி அது. அண்ணி முறைத்தார். முறைத்த முகத்திலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

குழாயை வைத்துவிட்டு நிமிர்ந்த கண்ணாடிக்காரரின் பார்வை தற்செயலாகத் தம்ளரின் மேல் போயிற்று. தண்ணீரின் மேல்மட்டத்தில், தம்ளர் விளிம்பை ஒட்டி, பொத்தான் அளவு நுரை மிதந்தது. சற்று முன் அது இல்லை. தொழிலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நுரையின் நடுவில் ஒரே ஒரு முட்டை பத்திரமாகச் செருகியிருந்தது. அதற்கு நேர் கீழே மீன், அசையாமல்.

"அண்ணி... இவன் திங்கலைங்க."

பூதக்கண்ணாடி கை மாறியது. அண்ணி நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"நீ வடிகட்டியில தூக்கினப்பவும் வாயிலயேதான் வெச்சிருந்தானா?" என்றார், தாழ்ந்த குரலில்.

தம்ளரை அப்படியே தொட்டிக்குள் சாய்த்தார் கண்ணாடிக்காரர்.

"ஒரு தடவை பிரிச்சாச்சு. இனிமே சேர்த்துப்பானா?"

"தெரியலைங்க அண்ணி."

மீன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. சிதைந்த கூட்டின் அருகே நின்றது. பிறகு அடித்தளத்துக்கு இறங்கி, ஒரு முட்டையை வாயில் எடுத்தது, மேலே வந்து நுரையில் உமிழ்ந்தது, இரண்டு குமிழ் ஊதியது, மறுபடி இறங்கியது. அண்ணி தொட்டிக் கண்ணாடிமேல் விரலை வைத்தார். மீன் சட்டென்று திரும்பிச் செவுளை விரித்து, விரலை நோக்கிப் பாய்ந்தது.

"அடேங்கப்பா! என்னையே முறைக்கிறான் பாரு!"

அந்தச் சமயத்தில் உள்ளறையில் பட்டாணி விழித்துக்கொண்டு வீறிட்டாள். அண்ணி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார்.

"நீங்க உட்காருங்க அண்ணி" என்றார் கண்ணாடிக்காரர். "அவளை நான் பார்த்துக்கறேன். அவ இங்கயே இருக்கட்டுங்க."

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

அழுகை உடனே அடங்கிவிடவில்லை. சுருதி சேராத பாட்டு ஒன்று கேட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. இருமுறை அண்ணியின் கை நாற்காலிப் பிடியை அழுத்தி எழப் பார்த்தது. இருமுறையும் அவர் அதை மடிக்கே திருப்பிக்கொண்டார். மெல்ல மெல்ல வீறல் சிணுங்கலாயிற்று. சிணுங்கல் பேச்சாயிற்று. தோளில் பால் கறையோடும் மார்பில் பட்டாணியோடும் கண்ணாடிக்காரர் வெளியே வந்தார்.

"பையை அவிழ்த்துடவா அண்ணி?"

"நீ அவிழ்த்தா மடிப்பெல்லாம் கலைச்சிடுவ. இரு, நானே எடுத்து வைக்கிறேன்."

சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. தொட்டியில் இன்னொரு முட்டை நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டுக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இருவரில் யாரும் அதைத் தொடவில்லை.