சாந்தகுமாரின் கடைசிச் சொல்

செத்துக் கிடந்த புருஷன் சாந்தகுமாரின் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்புச் சாயம் போவேனா என்றது. ஞானசுந்தரி துணியை வெந்நீரில் நனைத்து, சோப்பைத் தேய்த்து, மறுபடி மறுபடி துடைத்தாள். இருபது வருஷம் ஆம்பூர் தோல் கம்பெனியில் தரம் பிரித்த கை அது. ஒரு காலைப் பொழுதில் வெளுத்துவிடுமா என்ன?

"விட்றீ. கர்த்தர் இன்னா நகத்தையா பாக்கப்போறாரு?" என்றாள் நாத்தனார் ரோஸ். தம்பியின் கல்யாணக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அழுதழுது தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசுந்தரி விடவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக நர்ஸ். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கையை மார்பில் சேர்த்து வைத்தவள். ஒரு நாளும் கை தயங்கியதில்லை. இன்றைக்குப் புருஷனின் சுண்டுவிரலைத் தாண்ட மாட்டேன் என்றது. அவன் செத்தது மட்டும் காரணமில்லை, சாகும்போது சொன்னதுதான் காரணம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரியா இருந்தது அது?

எல்லாம் கனடாவால் வந்த வினை. அங்கே கியூபெக் என்று ஒரு மாகாணம் இருக்கிறதாம். நர்சுகள் வேண்டுமாம், குடும்பத்தோடு வந்து குடியேறலாமாம், ஆனால் பிரெஞ்சு பேசத் தெரிய வேண்டுமாம். ஞானசுந்தரி மனுப் போட்டாள். சனிக்கிழமைதோறும் பாண்டிச்சேரிக் கன்னியாஸ்திரி ஒருவரிடம் பாடம், மற்ற நாளெல்லாம் வீட்டில் டேப் ரெக்கார்டர். மகள் எஸ்தர்கூட காலையில் எழுந்ததும் "போன்ஜூர்" என்று பல்விளக்கப் போனாள். சாந்தகுமார் மட்டும் கேசட் ஓடத் தொடங்கினால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான்.

"மூக்கால பேசுற பாஷை. எனக்கு ஜலதோஷம் புடிக்கும்போது சொல்லு, கத்துக்கறேன்."

கேலிதான் சண்டையாக முற்றியது. வருகிற பதினாலாம் தேதி மெட்ராஸில் இன்டர்வியூ, தம்பதிகள் இருவரும் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கத்திவிட்டான். "நீ போறதுன்னா போ. நான் வரல."

நான்கு நாள் கழித்து கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நேற்று மத்தியானம் ஒரு தடவை கண்ணைத் திறந்தான். அவள் கையைப் பிடித்தான். புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தடவினான்.

"போ..." என்றான்.

அதோடு சரி. தண்ணி குடு என்றில்லை, புள்ளையைப் பார்த்துக்கோ என்றில்லை. கட்டின பெண்டாட்டியைப் பார்த்துப் போ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் மகராசன். பதினைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இதுதானா கூலி என்று நெஞ்சு வெந்தது அவளுக்கு.

"மனசு நொந்துதான் போய்ட்டான் என் தம்பி. இனிமே கனடா கினடான்னு இந்த வீட்ல பேச்சு வரக்கூடாது," என்றாள் ரோஸ்.

"வராது அண்ணி," என்றாள் ஞானசுந்தரி. உண்மையாகத்தான் சொன்னாள். பீரோவில் இருந்த கடிதத்தைச் சாயங்காலம் அடுப்பில் போட்டுவிடுவது என்று அப்போதே தீர்மானித்தாயிற்று.

மூன்று மணிக்குப் போதகர் வருவதாக இருந்தது. இரண்டு மணிக்குக் கம்பெனியில் ஷிஃப்டை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். கோட்டு சூட்டில் கிடந்தவனைப் பார்த்ததும் எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சத்தார் மட்டும் உள்ளே வந்தான். சாந்தகுமாருக்கு எதிர் மேஜையில் எட்டு வருஷம் தோல் பிரித்தவன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, மார்பில் வைத்திருந்த கையைத் தொட்டான். புறங்கைத் தோலை இரண்டு விரலால் தடவினான்.

"போ..." என்றான். சொல்லிவிட்டு உடைந்து அழுதான்.

"அடப்பாவி!" ரோஸ் எழுந்துவிட்டாள். "செத்துக் கிடக்கிறவனைப் பாத்து போன்றியே, நீயெல்லாம் ஒரு தோஸ்தா?"

பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஞானசுந்தரி அவன் விரலையே பார்த்தாள். அதே தடவல், அதே இழுவை. இவனுக்கு யார் சொன்னது?

"சத்தார், இன்னா சொன்னீங்க இப்ப?"

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டரம்மா." அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்தான். "அது நம்ம போ இல்ல, பிரெஞ்ச் போ. போன்னா தோலு. அண்ணன் சொல்லிக் குடுத்தது."

"அவரா? அவருக்கு ஏது பிரெஞ்ச்?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க! உங்க நோட்டுலேர்ந்து எழுதிக்கினு வருவாரு. டேப்புல கேட்டதச் சாக்பீஸ்ல மேஜை மேல எழுதுவாரு. ஆறு மாசமா எங்க ஷெட்டே படிச்சுது."

வாசலில் நின்ற ஆபித் பாஷா தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அறுபது வயசு, கைநாட்டு. "தண்ணிக்கு ஓ," என்றார், வாத்தியார் முன்னால் நிற்கிறவர்போல. "உப்புக்கு செல்லு."

"கறுப்புக்கு நுவாரு," என்றது வெளியே இன்னொரு குரல்.

"அதுக்கும் ஒரு சிரிப்பு வச்சிருந்தாரு," என்றான் சத்தார். "'பார்ரா, தோலைத் தொட்டா போன்றான், உப்பைத் தொட்டா செல்லுன்றான். இந்தப் பாஷையே நம்மள ஊரைவுட்டு வெரட்டுதுடா'ன்னுவாரு."

ஞானசுந்தரி சத்தாரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். சனிக்கிழமைதோறும் அவள் முட்டி மோதிப் படித்த வார்த்தைகள், சுண்ணாம்பிலும் சாயத்திலும் ஊறிய இந்த மனிதர்களின் வாயிலிருந்து, சாவு வீட்டில், ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் நோட்டில் உடம்பு உறுப்புகளின் பக்கத்தில் இருந்த சொல்தான் அந்தப் போ. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு இந்த மனுஷன் தூங்கவில்லை, பாடம் கேட்டிருக்கிறான்!

"பின்ன ஏன் என்கிட்ட வரலன்னு சொன்னாரு?"

"வீம்புதான், வேற இன்னா? 'எட்டாங்கிளாஸ் ஃபெயிலுடா நானு. தப்பா பேசுனா அவ சிரிப்பா. இன்னும் கொஞ்சம் தேறட்டும். மெட்ராஸ்ல அந்த வெள்ளைக்காரன் முன்னாடி எடுத்து வுடறேன் பாரு, அவ வாயப் பொளக்கணும்'னாரு."

"அதைச் சொல்லும்போது ஏன் அப்படித் தடவுனீங்க?" என்று கேட்டாள்.

"அவரு பழக்கம்மா அது. ஆயிரம் தோல் வரும், பேசாம தள்ளிக்கினே இருப்பாரு. எப்பவோ ஒண்ணு, ஒரு கீறல் இல்லாம, பட்டு மாதிரி வந்துச்சுன்னா ரெண்டு விரலால தடவிப் பாப்பாரு. அப்பதான் 'போ...'ன்னு இழுப்பாரு. நாங்க ஃபர்ஸ்ட் கிரேடு முத்திரை குத்திடுவோம். கேள்வியே கெடையாது."

ஞானசுந்தரி தன் புறங்கையைப் பார்த்தாள். டெட்டால் தின்று, ஊசி குத்தி, நரம்பு புடைத்த கை. இத்தனை பெரிய மனுஷனோடா இத்தனை வருஷம் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டேன் என்று இருந்தது அவளுக்கு. அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் அழுகை வந்தது, வீடே திரும்பிப் பார்க்கும்படி.

ரோஸ் கோட்டுப் பித்தானை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கம்பெனி ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. மறுபடி சாவு வரும் என்ற பயம். எஸ்தர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலடி நடந்த ஞானசுந்தரி நின்றாள், குழியைப் பார்த்துத் திரும்பினாள்.

"பதினாலாம் தேதி மெட்ராஸுக்கு நானும் எஸ்தரும் போறோங்க," என்றாள், பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வதுபோல. "போய்ட்டு வர்றேன்."

"ஐயோ, கல்லறையில நின்னுக்கினு இன்னா பேச்சுடி இது!" என்று பதறிப்போய் ரோஸ் அவள் வாயைப் பொத்தினாள்.

ரோஸின் உள்ளங்கையில் ஈர மண் ஒட்டியிருந்தது. ஞானசுந்தரி அந்தக் கையை விலக்கவில்லை. ரோஸும் சீக்கிரம் எடுத்துவிடவில்லை.