அண்ணியின் மனுவில் பெய்த மழை

1

“…கடைசியில குடை என்ன கலர்னு கேட்டுட்டாங்க தம்பி.”

“நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?”

“என் கொழுந்தனைக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

(இந்தக் கதை பிறந்தது இங்கேதான். நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.)

2

ஒழுங்காகத் தொடங்குகிறேன். பதினொரு வருடங்களுக்கு முன் இந்த அந்நிய நாட்டுக்கு ஒரு பெண், கையில் ஒற்றைப் பெட்டியுடன்…

வேண்டாம். எல்லாக் கதையிலும் ஒற்றைப் பெட்டிதான். அண்ணி கொண்டுவந்தது மூன்று.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். குடியுரிமைக்கு மனுப் போட்டார். சட்டங்களை மனப்பாடம் செய்தார், மொழித் தேர்வில் தேறினார், இந்த நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்களைக் காலண்டர் வைத்து எண்ணி எழுதினார். கடைசிக் கேள்விக்கு ஒரு முழுப் பக்கம்: ‘ஏன் குடிமகளாக விரும்புகிறீர்கள்?’

“எனக்குப் பேசத்தான் வரும். நீதான் கதை கிதைன்னு எழுதுறியே” என்று என்னிடம் நீட்டினார்.

3

நான் எழுதியது: வந்திறங்கிய அன்று மழை. முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி தன் குடையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி நடந்து போனார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் யார் எங்கே வந்திறங்கினாலும் மழை பெய்யும்.)

“இப்படி நடக்கலையே தம்பி.”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க அண்ணி.”

கையெழுத்துப் போட்டது அவர். இதை எந்த அடைப்புக்குறிக்குள்ளும் ஒளித்துவைக்க முடியவில்லை.

4

நேர்காணல் அதிகாரிக்குக் குடைக் கதை பிடித்துப்போயிருக்கிறது. ஆசையாகத்தான் நிறத்தைக் கேட்டாராம். பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்து நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

“கறுப்புன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றான் அண்ணன். (இந்தப் பாத்திரம் தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

முடிவு ஒன்று: அதிகாரி மன்னிக்கிறார். அண்ணி கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார். இது எனக்கு வசதியான முடிவு.

முடிவு இரண்டு: மனு தள்ளுபடியாகிறது. மறுநாள் காலை அண்ணி வழக்கம்போல விரிப்புகளை…

5

ஒன்பதாம் நாள் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. “நிஜமாவே குடியுரிமை எதுக்கு அண்ணி?”

“தபால் வந்தாலே பயம். கவரைப் பாத்தா, நாட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்களோன்னு தோணும். கை கழுவிட்டு, உக்காந்து, அப்புறம்தான் பிரிப்பேன். போன வாரம் பல் டாக்டர் விளம்பரத்தைக்கூட அப்படித்தான் பிரிச்சேன். அந்தப் பயம் நிக்கணும். வேற ஒண்ணுமில்ல.”

உடனே எழுதினேன்: ‘ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு புயல் உறங்கிக்கொண்டிருந்தது…’

அண்ணி வாங்கிப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். நான்காக மடித்து ஓரமாக வைத்தார். வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

“நாளைக்குக் கடைசி நாள். நான் சொன்னதை, சொன்ன மாதிரியே எழுதித் தருவியா தம்பி?”